நகல் இயந்திரம் எங்கே தோற்கிறது?

கேள்வி: வண்ண நகல் இயந்திரம் அசலை அப்படியே எடுத்துத் தரும் இந்தக் காலத்தில், சான்றிதழ்களையும் காசோலைகளையும் தனி முறைகளில் அச்சிடுவதால் என்ன பயன்? சில சான்றிதழ்களை நகலெடுத்தால் ‘நகல்’ என்ற சொல் தாளெங்கும் தோன்றுவது எப்படி?

பதில்: அப்படியே எடுத்துத் தருவதாக நமக்குத் தோன்றுகிறதே தவிர, அந்த இயந்திரம் அசலைத் தன்னிடமுள்ள நான்கு மைகளின் நுண்புள்ளிகளால் மறுபடி வரைகிறது. பாதுகாப்பு அச்சிலோ, வேண்டிய நிறத்தை முன்கூட்டியே ஒரே மையாகக் கலந்துகொண்டு, ஒன்றையொன்று பின்னிச் செல்லும் மெல்லிய கோடுகளை அச்சிடுகிறார்கள். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் பூதக்கண்ணாடியை அதன்மேல் வைத்தால், அசலில் கோடு விளிம்பு சிதையாமல் ஓடுவதையும், நகலில் அதே கோடு பல நிறப் புள்ளிகளாக உதிர்ந்து கிடப்பதையும் நீங்களே காணலாம். வெறும் கோடாகத் தெரியும் சில இடங்களில் நுண்ணெழுத்துகள் இருக்கும். அசலில் படிக்க முடிகிற அவை நகலில் பெரும்பாலும் கறையாகிவிடும்.

‘நகல்’ என்ற சொல்லும் புள்ளிகளின் வேலைதான். பின்னணியை மிக நுண்ணிய புள்ளிகளாலும், அந்தச் சொல்லைச் சற்றுப் பெரிய புள்ளிகளாலும் அமைத்து, இரண்டும் கண்ணுக்கு ஒரே சாயலாகத் தெரியும்படி அடர்த்தியைச் சரிசெய்கிறார்கள். இயந்திரம் நுண்புள்ளிகளைத் தவறவிட்டுப் பெரியவற்றை மட்டும் பற்றிக்கொள்வதால் சொல் வெளிப்படுகிறது. ஆயினும் இயந்திரத்தின் திறனும் அமைப்பும் மாறினால் சொல் தெரியாமலும் போகக்கூடும் என்பதால், இதை மட்டும் நம்பி ஆவணம் அச்சிடுவது தவறு என்பதே என் உறுதியான கருத்து.

அச்சுக்கு முன்பே, காகிதத்திலேயே பாதுகாப்பு தொடங்க வேண்டும். கூழ் ஈரமாக இருக்கும்போதே அதன் தடிமனைக் கூட்டியும் குறைத்தும் உருவாக்கும் நீர்க்குறி, 13ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் ஃபாப்ரியானோ காகிதப் பட்டறைகளில் பிறந்தது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால்தான் அது தெளிவாகத் தெரியும். வெளுப்பூட்டிகள் கலந்த சாதாரண வெள்ளைத்தாள் புறஊதா விளக்கின் கீழ் நீலமாக ஒளிரும். பாதுகாப்புத் தாளோ மங்கலாகவே இருக்க, அதில் சிதறிய இழைகள் மட்டும் மின்னும். பார்த்துப் போலி செய்யவே முடியாத ஒழுங்கின்மையை நாடும் இந்த எண்ணம் பழையது: 18ஆம் நூற்றாண்டில் பெஞ்சமின் பிராங்க்ளின், அமெரிக்கக் குடியேற்றங்களின் பணத்தாள்களில் உண்மையான இலைகளின் நரம்புகளை வார்ப்பெடுத்து அச்சிட்டார்.

இவ்வளவு உழைப்பும் இருக்க, ஆவணத்தைச் சரிபார்ப்பவர்களில் பலர் முத்திரையையும் கையெழுத்தையும் மட்டுமே பார்ப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. போலி செய்ய மிக எளியவை அவை இரண்டும்தான்.

காசோலையில் நகலைவிடத் திருத்தமே பெரிய ஆபத்து. எழுதிய தொகையைக் கரைப்பான் கொண்டு அழிக்க முயன்றால், பின்னணியில் உள்ள கரையும் மையும் சேர்ந்து கலங்கி, அழித்த இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.