மறு: இ-பிஸ்னஸ் படிச்சிட்டு வன்னியிலேயே வேலை எடுக்கலாமா?

தங்கச்சி, வவுனியாவில இ-பிஸ்னஸ் (இன்டர்நெட்டில யாவாரம் செய்யிற படிப்பு) இரண்டாம் வருசம், எல்லாம் தியரியாவே போகுது, கொழும்புக்குப் போகாமல் வேலை எடுக்கலாமா எண்டு கேட்டிருக்கிறீங்கள். எடுக்கலாம். ஆனா சேர்ட்டிபிக்கேட்டை மட்டும் நம்பி இருக்காதேங்கோ.

படிக்கேக்கையே ஒரு சாமானை வித்துப் பாருங்கோ. முல்லைத்தீவுக் கருவாடே காணும். படம் எடுத்து பேஸ்புக்கில போடுறது லேசு, கஷ்டம் அதுக்குப் பிறகுதான். எங்கட சனத்தில கனபேர் பார்சல் கைக்கு வந்தால்தான் காசு தருவினம். 1,500 ரூபா பார்சல் ஒண்டு "ஆள் இல்லை" எண்டு திரும்பி வந்தால் கூரியர் காசு உங்கட தலையில, கருவாடும் பழுதாப் போகலாம். அனுப்ப முதல் கட்டாயம் கோல் எடுத்துக் கேளுங்கோ. எந்த ஊர், எந்த விளம்பரத்தைப் பாத்து வந்தவை, ஏன் திருப்பினவை எண்டு ஒவ்வொரு ஓடரையும் எக்செல்லில பதியுங்கோ. நேர்முகத் தேர்வில அந்தக் கணக்கை வைச்சுக் கதைச்சால், உங்களுக்கு வேலை தெரியும் எண்டு அவைக்கு விளங்கும்.

வாடிக்கையாளரின்ர நம்பரை வேற ஆக்களுக்குக் குடுக்காதேங்கோ. இலங்கையின்ர 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை ஒருக்கா வாசியுங்கோ. இங்கிலிசில மெயில் எழுதிப் பழகுங்கோ. வீட்டில இருந்து செய்யிற வேலைக்கு அதுதான் முதல் கேப்பினம். இன்டர்ன்ஷிப்புக்கு இப்பவே விசாரிக்கத் தொடங்குங்கோ.