காரமாண்ட் எழுத்தில் மெல்லிய கோடு அடைப்பது ஏன்?

கல்யாணப் பத்திரிகையில் ஆங்கிலப் பெயர்களுக்குக் காரமாண்ட் போடுகிறேன். மெரூன் பின்னணியில் வெள்ளையாக விட்டால் மெல்லிய கோடுகள் அடைத்துவிடுகின்றன. மிகப் பழைய எழுத்து என்பதாலா? – வாசகர், கும்பகோணம்

பழமையில் குறையில்லை. அந்த எழுத்து வேறு அச்சுமுறைக்குப் பிறந்தது.

வெனிஸில் ஆல்டஸ் அச்சகத்துக்காக கிரிஃபோ என்ற எழுத்துக் கைவினைஞர் வெட்டிய ரோமன் எழுத்து 1496-இல் வெளிவந்தது. அதைப் பார்த்துத்தான் பாரிஸில் குளோட் காரமாண்ட் (இறப்பு 1561) தன் எழுத்துகளை அமைத்தார். அந்தக் காலத்தில் எஃகுக் கம்பியின் முனையில் எழுத்தை இடவலம் மாற்றி அரத்தால் ராவ வேண்டும். விளக்குக் கரியில் காட்டித் தாளில் ஒற்றிப் பார்த்துத் திருத்தி, பிறகு கடினப்படுத்தி, செம்புத் துண்டில் அடித்து வார்ப்புக் குழியாக இறக்குவார்கள். அடிக்கும்போது செம்பு பக்கவாட்டில் பிதுங்கும். அதைச் சமமாக ராவாவிட்டால் வார்த்த எழுத்து சாய்ந்து வரியே ஆடும். வார்ப்பது ஈயம், வெள்ளீயம், ஆன்டிமனி கலந்த உலோகத்தில். ஆன்டிமனி இல்லாவிட்டால் எழுத்து சீக்கிரம் நசுங்கிவிடும்.

நனைத்த தாளில் அதை அழுத்தினால் மை ஓரம் தாண்டிப் பரவி, மெல்லிய கோட்டுக்குச் சதை போடும். உங்கள் வேலையில் நடப்பது நேர்மாறு: சுற்றியுள்ள மெரூன் மைதான் பரவி வெள்ளைக் கோட்டைத் தின்கிறது.

10 பாயிண்டுக்குக் கீழே வெள்ளையாக விடாதீர்கள். செமி போல்டு (சற்றுத் தடித்த வடிவம்) எடுத்து எழுத்து இடைவெளியைச் சற்றுக் கூட்டுங்கள். நான்கு கலரில் மெரூன் வந்தால் ரெஜிஸ்டர் (கலர்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது) இம்மி விலகினாலும் கோடு போய்விடும். ஆகவே மெரூனைத் தனிக் கலராகவே ஓட்டச் சொல்லுங்கள், பலன் தெரியும்.

இன்னொன்று: எம்எஸ் ஆஃபீஸுடன் வரும் காரமாண்ட், ஜான் ஜானோன் என்ற வேறொருவர் 1621-இல் மாதிரித்தாளில் காட்டிய எழுத்தை ஒட்டியது. அதைக் காரமாண்டுடையது என்று நினைத்திருந்த குழப்பத்தை 1926-இல் வெளிக்கொணர்ந்தவர் அச்சு வரலாற்று ஆய்வாளர் பியாட்ரிஸ் வார்டு. காரமாண்டின் சொந்த வடிவம்தான் வேண்டுமென்றால், 1592-ஆம் ஆண்டு மாதிரித்தாளை வைத்து வரைந்த ஈபி காரமாண்ட் என்ற எழுத்துரு இலவசமாகவே கிடைக்கிறது.

தரங்கம்பாடியில் தமிழ் எழுத்தையும் இப்படித்தான் வார்த்தார்களா? – வாசகர், மயிலாடுதுறை

ஆமாம், முறை இதுதான். தரங்கம்பாடி அச்சகத்தின் முதல் தமிழ் எழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு 1713-இல் வந்தன. அவை பெரிதாக இருந்ததால் தாள் ஏராளமாகச் செலவானது. அதனால் மிஷனரி சீகன்பால்குவின் அச்சகத்தார் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி முடிந்தது. தாள் தட்டுப்பாட்டுக்காகப் பக்கத்துப் பொறையாறில் காகிதப் பட்டறையும் போட்டார்கள்.