அப்பா திடீரென்று கண்டபடி செலவு செய்கிறார், எல்லார்மேலும் எரிந்து விழுகிறார்: இது குணமா, நோயா?

ஆட்டோவுக்குப் பத்து ரூபாய் பேரம் பேசிய மனுஷன், 58 வயதில் ரிச்சி தெருவுக்குப் போய் மூன்று ஸ்பீக்கர் செட் வாங்கி, பெட்டியைக்கூடப் பிரிக்காமல் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறார் என்றால், அது திமிர் இல்லை, முதலில் மூளையைத்தான் பார்க்கணும். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்மடல்தான் ஆசைக்கும் கோபத்துக்கும் நமக்கு பிரேக். 1848-இல் அமெரிக்காவில் ஃபினியஸ் கேஜ் என்பவரின் மண்டையை இரும்புக் கம்பி துளைத்தது, சேதமானது இதே முன்மடல்தான். ஆள் பிழைத்தார், ஆனால் பழைய கேஜ் இல்லை என்றார்கள் நண்பர்கள்.

கம்பியே வேண்டாம். ஸ்ட்ரோக், மூளைக் கட்டி, பைபோலார் என்ற மனநோயில் வரும் மேனியா (அளவுமீறிய உற்சாகமும் எரிச்சலும்), எதுவும் இதைச் செய்யும். முன்மடலைத் தாக்கும் ஒருவகை டிமென்ஷியா (மூளை தேயும் நோய்) பெரும்பாலும் 45–65 வயதிலேயே தொடங்கும்; ஆரம்பத்தில் ஞாபகசக்தி நன்றாகவே இருக்கும், அதனால்தான் வீட்டில் ஏமாந்துபோகிறோம். பார்கின்சன் என்ற நடுக்க நோய்க்குப் பிரமிபெக்ஸோல் மாத்திரை சாப்பிடும் சிலர் சூதாட்டத்தில் இறங்குவதுண்டு (மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்).

ஓரிரு நாளில் தலைகீழாக மாறினால் நேரே எமர்ஜென்சி. மற்றபடி நரம்பியல் டாக்டரோ மனநல டாக்டரோ, ஜி.ஹெச்.சிலும் காட்டலாம், தயக்கமாக இருந்தால் முதலில் அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் போடுங்கள், இலவசம். அப்புறம், 'எனக்கு ஒன்றுமில்லை' என்றுதான் அவர் சொல்வார், எது எப்போது ஆரம்பித்தது என்று நீங்கள் தேதியோடு எழுதிக்கொண்டு போங்கள், பேங்க் பாஸ்புக்கும் கையில் இருக்கட்டும்.