தரம் 9 வரலாற்றுக்குக் கோட்டை வாசல் போதும்

டீச்சர், பிள்ளைகள் ஆண்டுகளைப் பாடமாக்குகிறார்கள், ஒரு கேள்வியும் கேட்பதில்லை, வகுப்பில் புரொஜெக்டரும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். திருகோணமலையில் இருக்கும் உங்களுக்குப் புரொஜெக்டர் எதற்கு?

கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் பிரெட்றிக் கோட்டை வாசலைக் காட்டுங்கள். அங்கே இரட்டை மீன் சின்னமும் சிதைந்த தமிழ்க் கல்வெட்டும் உண்டு. அந்தக் கல்வெட்டின் முழு வாசகம் என்று சொல்லப்படுவது ‘முன்னே குளக்கோட்டன்’ என்ற பாட்டு; குளக்கோட்டன் என்ற மன்னன் செய்த கோயில் திருப்பணியைப் பின்னர் பறங்கியர் (போர்த்துக்கேயர்) இடிப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்வது. பிள்ளைகள் அதை வீட்டிலேயே கேட்டிருப்பார்கள். கல்லில் உண்மையில் தெரியும் எழுத்துகளை முதலில் கொப்பியில் எழுதட்டும். அப்புறம் கேளுங்கள்: பாட்டின் மீதி எங்கிருந்து வந்தது? இந்தக் கல்வெட்டு, பறங்கியர் 1620களில் கோயிலை இடிக்குமுன் வெட்டப்பட்டதா, பின்னரா? எதை வைத்துச் சொல்கிறாய்?

விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். என் வகுப்பில் ஒரு பாடவேளை முழுக்க வாதாடினார்கள், பின்வாங்குப் பிள்ளைகளும் சேர்ந்துதான்.