திருச்சி கண்டோன்மென்ட்: ஆமி இல்லாத காம்ப்

வெள்ளைக்காரன் காலத்துக் கண்டோன்மென்ட் நகரம் எதிலாவது இருந்திருக்கிறீர்களா, அது எப்படி மாறியிருக்கிறது என்பது கேள்வி. கனபேர் பெங்களூரைப் பற்றி எழுதுவார்கள். எனக்குத் தெரிந்தது திருச்சிதான்.

நான் கிளிநொச்சிப் பக்கம். 1990இல் சண்டை திரும்பத் தொடங்கியபோது மன்னார்க் கரையில் வள்ளம் ஏறி, மண்டபம் போய், அங்கிருந்து திருச்சி விமான நிலையத்துக்குக் கிட்ட உள்ள கொட்டப்பட்டு அகதி முகாமுக்குப் போய்ச் சேர்ந்தோம். எனக்கு ஒன்பது வயது. முதல் தடவை டவுனுக்குப் போகும் பஸ்ஸில் யாரோ "கண்டோன்மென்ட்" என்று சொல்ல, அது என்ன என்று அம்மாவிடம் கேட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் "அது மிலிட்டரி கேம்ப், தம்பி" என்றார். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துவிட்டார். எங்களுக்குத் தெரிந்த காம்ப் இரண்டுதான், ஒன்று ஆமிக் காம்ப், மற்றது நாங்கள் இருந்த காம்ப். இறங்கிப் பார்த்தால் ஆமியும் இல்லை, சென்றியும் இல்லை. பஸ் ஸ்டாண்ட், ரயில் ஜங்ஷன், பெரிய வளவுகளுக்குள் ஓட்டுக்கூரை பங்களாக்கள், மர நிழல், அவ்வளவுதான்.

ஆமி இருந்தது உண்மைதான். 1750களில் கர்நாடகப் போர்களில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அடித்துக்கொண்டது இந்த மலைக்கோட்டையைச் சுற்றித்தான். 1801இல் கர்நாடகப் பகுதி முழுக்கக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. கோட்டைக்கு வெளியே தெற்கில், உய்யக்கொண்டான் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், படைக்கும் அதிகாரிகளுக்கும் என்று ஒரு தனி ஊரே எழுந்தது. கோட்டை மதிலைப் பிறகு இடித்துவிட்டார்கள். மிஞ்சியது மெயின் கார்டு கேட் என்ற வாசல். ஆக, நம்மட சனம் புழங்கிய கோட்டை ஊர் ஒன்று, துரைமார் ஊர் ஒன்று. இன்றைக்கும் சின்னக்கடை வீதி நெரிசலில் இருந்து வந்தால் அந்த வித்தியாசம் கொஞ்சம் தெரியும். வில்லியம்ஸ் ரோடு, லாசன்ஸ் ரோடு, மெக்டொனால்ட்ஸ் ரோடு என்று பெயர்கள் வேறு. கடைசிப் பெயருக்கும் பர்கருக்கும் சம்பந்தமில்லை!

ஆனால் என்னைக் கேட்டால் அந்த ஊரை மாற்றியது பட்டாளத்தைவிட ரயில்தான். தென்னிந்திய ரயில்வேயின் தலைமையகம் திருச்சியில் இருந்தது. நாகப்பட்டினத்தில் இருந்த பெரிய பணிமனையை 1928 அளவில் பொன்மலைக்குக் கொண்டுவந்தார்கள். அதோடு தொழிலாளர், குவார்ட்டர்ஸ், சந்தை, சங்கம் எல்லாம் வந்துவிட்டது. எங்கள் அம்மப்பாவும் அந்த ரயிலில் திருச்சிக்குப் போனவர்தான். மடு றோட் ஸ்டேஷனில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் மாறி, தனுஷ்கோடியில் திரும்ப ரயில் பிடித்து. 1964 டிசம்பர்ப் புயலோடு தனுஷ்கோடி போய்விட்டது. அவர் டிக்கெட் எடுத்துப் போன கடலை நாங்கள் இரவில் சத்தம் போடாமல் கடந்தோம்.

சரி, நான் பார்த்த மாற்றம். 2012இல் ஊருக்குத் திரும்பினேன். போன வருசக் கடைசியில், 2025இல், யாழ்ப்பாணத்துப் பலாலியில் விமானம் ஏறி ஒரு மணித்தியாலம் அளவில் திருச்சியில் இறங்கினால், 2024இல் திறந்த புது முனையம் கண்ணைப் பறிக்கிறது, கொட்டப்பட்டில் இருந்து நாங்கள் வேலியோரம் நின்று விமானம் பார்த்த இடம்தானா இது என்றிருந்தது. கண்டோன்மென்டில் எனக்குத் தெரிந்த பங்களாக்கள் பலதைக் காணவில்லை. ஹோட்டல், ஆஸ்பத்திரி, துணிக்கடை, கண்ணாடிக் கட்டடம். வளவு போனதோடு மரமும் போய்விட்டது, அதுதான் எனக்குக் கவலை, வெயில் நேரடியாகத் தலையில் விழுகிறது. வெளியூர் பஸ்கள் பெரும்பாலும் பஞ்சப்பூர் புது பஸ் ஸ்டாண்டுக்கு மாறிவிட்டதால் பழைய சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டில் அந்த நெரிசல் இல்லை. நல்லதுதான், ஆனால் இரவு இரண்டு மணிக்கும் தேத்தண்ணி கிடைத்த இடம் அது.

மாறாதது பெயர். ஆட்டோக்காரத் தம்பியிடம் கண்டோன்மென்ட் என்றால் என்ன என்று கேட்டேன். "ஏரியா பேருண்ணே" என்றான். எங்கள் பக்கம் ஒரு காம்பை எடுத்து ஏழெட்டு வருசமாகிறது, பஸ் கொண்டக்டர் இன்னும் "காம்படி இறங்கு" என்றுதான் கூப்பிடுகிறார், அதைக் கேட்டு இறங்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அதுவும் ஏரியா பெயர்தான். அம்மா மட்டும் அந்த இடம் வந்தால் ஜன்னல் பக்கம் பார்க்கமாட்டார்.

போகிறவர்கள் ஜங்ஷன் பக்கத்துச் செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்தைப் பாருங்கள். 1826 ஏப்ரலில் திருச்சிக்கு வந்த இடத்தில் குளிக்கும்போது இறந்துபோன ஹீபர் பிஷப்பின் கல்லறை உள்ளே இருக்கிறது. அந்த வளவில் இன்னும் நிழல் உண்டு.