உறுதியும் பென்டிரைவும் ஒரே பெட்டகத்தில் வைக்கலாமா?

வெள்ளவத்தை ஃப்ளாட்டில் காணி உறுதி, பாஸ்போர்ட், பென்டிரைவ் வைக்க "ஃபயர்ப்ரூஃப்" பெட்டகம் கேட்டிருந்தீங்கள். அந்தச் சொல்லை மட்டும் நம்பி எடுக்காதேங்கோ. யூஎல் 72 (அமெரிக்கத் தீச்சோதனைத் தரம்), கிளாஸ் 350, 1 மணித்தியாலம் என்ற சான்று லேபல் கதவின் உட்பக்கம் இருக்குதா பாருங்கோ. நெருப்பில் உள்ளே 177 பாகை செல்சியசைத் தாண்டாது என்பதுதான் அதன் பொருள். கடதாசி தப்பும், பென்டிரைவ் தப்பும் எண்டு நம்பேலாது; அதுக்கு 52 பாகைக்குள் நிற்கும் கிளாஸ் 125 வேணும். விலை கூட. பென்டிரைவின் பிரதியொன்றை வேறு வீட்டில் வைப்பதே நல்லது.

உறுதியைப் பொலித்தீன் உறையில் போடாதேங்கோ. அது 177க்கு முன்னமே உருகிக் கடதாசியோட ஒட்டிப்போகும்.

பெட்டகத்தின் தடித்த சுவர்க் கலவைக்குள் நீர் இருக்கு. நெருப்பில் ஆவியாகிச் சூட்டைக் குறைப்பது அதுதான், ஆனால் சாதாரண நாளிலும் ஈரம் கசியும். கொழும்புக் காற்றுக்குப் பூஞ்சணம் நிச்சயம். சிலிக்கா ஜெல் பை வையுங்கோ, நிறம் மாறினதும் மாற்றுங்கோ, கிழமைக்கொருக்கால் திறந்து விடுங்கோ.

கொங்கிரீட் தரையில் போல்ட் போடப் பெட்டகத்தில் கம்பனி விட்ட துளையையே பாவியுங்கோ. புதுசாய்த் துளைச்சால் தீக்காப்பு போச்சு. தரையைத் துளைக்க முதல் கட்டிட நிர்வாகத்திடம் கேளுங்கோ. அவசரத் திறப்பைப் பெட்டகத்துக்குள்ளே வைக்கவே வேண்டாம், எண் பூட்டின் பற்றரி இறங்கினால் மாட்டுப்படுவீங்கள்.