ஆசரிப்புக் கூடாரத்தில் கிறிஸ்து: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, மோசேயின் காலத்தில் இஸ்ரவேலர் வனாந்தரத்தில் தேவனுக்காக அமைத்த ஆசரிப்புக் கூடாரத்தில், வெள்ளி மீட்பைக் குறிக்கிறது என்று எங்கள் சபையில் போதிக்கிறார்கள். வசன ஆதாரம் உண்டா?

பதில்: உண்டு, அதுவும் பலமான ஆதாரம். யாத்திராகமம் 30-ல், 20 வயதும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொரு ஆணும் தன் ஆத்துமாவுக்கு மீட்கும் பொருளாக அரைச்சேக்கல் (சேக்கல் ஓர் எடை அளவு) வெள்ளி கொடுக்க வேண்டும். ஐசுவரியவான் கூட்டிக் கொடுக்கக் கூடாது, தரித்திரன் குறைத்துக் கொடுக்கக் கூடாது. இப்போது 38-ம் அதிகாரத்துக்கு வாருங்கள். எண்ணப்பட்டவர்கள் 6,03,550 பேர். சேர்ந்த வெள்ளி 100 தாலந்தும் 1,775 சேக்கலும் (ஒரு தாலந்து 3,000 சேக்கல்). அந்த 100 தாலந்தில் 100 பாதங்கள், அதாவது பலகைகளையும் தூண்களையும் தாங்கும் அடித்தாங்கிகள், வார்த்தார்கள். 48 பலகைகளுக்கு இரண்டிரண்டாக 96, திரைச்சீலையின் தூண்களுக்கு 4. மீதி 1,775 சேக்கல் தூண்களின் கொக்கி போன்றவற்றுக்குப் போயிற்று. ஆக, அந்த வனாந்தர மணலில் தேவனுடைய வாசஸ்தலத்தின் பலகைகள் எல்லாம் மீட்புப் பணத்தின் மேல் நின்றன. இதை மனதில் வைத்துக்கொண்டு 1 பேதுரு 1:18, 19 படியுங்கள். வெள்ளியாலும் பொன்னாலும் அல்ல, கிறிஸ்துவின் இரத்தத்தால் மீட்கப்பட்டீர்கள் என்கிறார். அந்த 'அல்ல' எவ்வளவு கனமானது என்று அப்போது தெரியும்.

கேள்வி: கூடாரத்தின் திரைகளில் இளநீலம், இரத்தாம்பரம் (ஊதா), சிவப்பு, வெள்ளை. நான்கு நிறங்களும் நான்கு சுவிசேஷங்களா?

பதில்: வேதம் அப்படிச் சொல்லவில்லை. முதல் நூற்றாண்டில் யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் இதே நிறங்களை முறையே காற்று, கடல், நெருப்பு, நிலம் என்று விளக்கினார். நாம் பரலோகம், ராஜரிகம், இரத்தம், நீதி என்கிறோம். மெல்லிய வெண்வஸ்திரத்துக்கு மட்டும் வெளிப்படுத்தல் 19:8 கைகொடுக்கிறது. எந்தப் பொருளானாலும், அது கூடாரத்தில் என்ன வேலை செய்தது என்று முதலில் பாருங்கள். கிறிஸ்துவுக்கு நிழலா என்பது அப்புறம்.

கேள்வி: பிரதான ஆசாரியரின் காலில் கயிறு கட்டி, கூடாரத்தின் உள்ளறையான மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் அனுப்பினார்களாமே?

பதில்: வேதத்தில் இல்லை. பிரசங்கத்தில் சொல்லாதீர்கள்.

கேள்வி: எண்ணாகமம் 2-ன்படி, கூடாரத்தைச் சுற்றி இஸ்ரவேலர் தங்கிய பாளயத்தை மேலிருந்து பார்த்தால் சிலுவை வடிவம் வருகிறது. இதை ஏன் யாரும் விளக்குவதில்லை?

பதில்: எண்கள் சரிதான். கிழக்கே யூதா அணி 1,86,400, தெற்கே ரூபன் அணி 1,51,450, மேற்கே எப்பிராயீம் அணி 1,08,100, வடக்கே தாண் அணி 1,57,600. ஆனால் ஒவ்வொரு அணியும் எவ்வளவு அகலத்தில் தங்கியது என்று வசனம் சொல்லவில்லை. எல்லா அணிக்கும் ஒரே அகலம் என்று நாமே வைத்துக்கொண்டால்தான் சிலுவை வரும்.

கேள்வி (அதே நபர்): கிழக்கு நீளம், மேற்கு குட்டை, வடக்கும் தெற்கும் ஏறக்குறைய சமம். இது தற்செயலா ஐயா?

பதில்: தற்செயல் என்று நான் சொல்லவில்லை. வசனம் காட்டாத படத்தை வசனம் என்று போதிக்கக் கூடாது என்கிறேன். யூதா அணி பக்கவாட்டில் பரவித் தங்கியிருந்தால் உங்கள் சிலுவை கலைந்துவிடும்.

கேள்வி (இன்னொருவர்): பாளயத்தை விடுங்கள் அண்ணா. கூடாரத்தின் உள்ளே இருக்கும் பணிமுட்டுகளே (மேஜை, விளக்கு போன்ற பொருள்களே) சிலுவையாகத்தானே அமைகின்றன?

பதில்: இதற்குக் கொஞ்சம் இடம் உண்டு. யாத்திராகமம் 40-ல் மேஜை வடபுறம், குத்துவிளக்கு தென்புறம், தூபபீடம் திரைக்கு முன். ஆனாலும் எபிரெயர் நிருபத்தின் ஆசிரியர் இந்தப் பொருள்களை ஒவ்வொன்றாகச் சொல்லியும் வடிவத்தைப் பற்றிப் பேசவில்லை. அவர் பேசுவது இரத்தத்தையும் பிரவேசத்தையும். சிலுவையை வரைபடத்தில் தேடாதீர்கள், பலிபீடத்தில் தேடுங்கள். பலி செலுத்துகிறவன் மிருகத்தின் தலைமேல் கை வைத்த இடம் அது. சிலுவை வடிவம் பற்றி மேலும் ஐந்தாறு பேர் எழுதியிருக்கிறீர்கள். எல்லோருக்கும் இதுவே பதில்.

கேள்வி: இயேசு மரித்தபோது கிழிந்தது மகா பரிசுத்த ஸ்தலத்தை மறைத்த இந்தத் திரைச்சீலைதானா?

பதில்: அது ஏரோது கட்டிய தேவாலயத்தின் திரை. மோசேயின் கூடாரத்துத் திரை அல்ல. ஆனால் இரண்டுக்கும் வேலை ஒன்றுதான். யாத்திராகமம் 26:31-ல் திரையில் கேருபீன்களை (சிறகுள்ள பரலோக ஜீவன்களை) நெய்யச் சொல்கிறார் கர்த்தர். கேருபீன்களை நாம் முதலில் சந்திப்பது ஏதேன் தோட்டத்தின் கிழக்கே, ஜீவவிருட்சத்துக்குப் போகும் வழியைக் காவல் செய்கிற இடத்தில். கூடாரத்துக்கும் வாசல் கிழக்கேதான். ஆசாரியன் கிழக்கிலிருந்து மேற்கே நடக்கிறான், வாதுமைப் பூக்கள் கொண்ட விளக்கைக் கடக்கிறான், கடைசியில் கேருபீன்கள் நெய்த திரை அவனை நிறுத்துகிறது. பிரதான ஆசாரியனுக்கு மட்டும், அதுவும் வருஷத்தில் ஒரே நாள், இரத்தத்தோடு அனுமதி. அந்தத் திரை கிறிஸ்துவின் மாம்சம் என்று எபிரெயர் 10:20 சொல்கிறது. ஆதாம் வெளியே வந்த வழியில் நாம் திரும்பி உள்ளே போகிறோம்! கூடாரத்தைப் பற்றி ஒரே ஒரு பாடம் எடுக்க நேரம் இருந்தால் இதை எடுங்கள்.

கேள்வி: உடன்படிக்கைப் பெட்டி இப்போது எங்கே இருக்கிறது?

பதில்: தொல்லியல் படித்தவர்களைக் கேளுங்கள்.

கேள்வி: சிவப்பு நிறத்துக்கு மட்டும் தனி விளக்கம் தர முடியுமா?

பதில்: நிறங்களுக்கு மேலே பதில் இருக்கிறது. தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: விடுமுறை வேதாகமப் பள்ளியில் பிள்ளைகளோடு மாதிரி செய்யப்போகிறோம் ஐயா. அளவு எப்படி வைப்பது?

பதில்: ஒரு முழத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வையுங்கள். பிராகாரம் (வெளிமுற்றம்) 100-க்கு 50, சுற்றுத் தொங்குதிரை உயரம் 5. கூடாரம் நீளம் 30, உயரம் 10. பலிபீடம் 5-க்கு 5, உயரம் 3. வெண்கலத் தொட்டிக்கும் குத்துவிளக்குக்கும் வேதத்தில் அளவு இல்லை, அதைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். இஸ்ரவேலின் திம்னா பூங்காவில் முழு அளவு மாதிரி ஒன்று நிற்கிறது, அதன் படங்களைக் காட்டலாம். கிழக்கு எது என்று அட்டையில் முதலில் குறித்துவிட்டு, வாசலை அந்தப் பக்கம் வையுங்கள்.